நோட்டீஸில் இருந்த 86 யாருடையது?

அபராத நோட்டீஸ் தபாலில் வந்தது. மணிக்கு 70 கி.மீ. அனுமதிக்கப்பட்ட சாலையில் என் கார் 86-ல் போனதாக ஒரு வரி, நம்பர் பிளேட் மட்டும் தெரிகிற மாதிரி வெட்டிய ஒரு படம், பணம் கட்டக் கடைசித் தேதி. வேகத்தை எதை வைத்து அளந்தார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. கையில் பிடிக்கும் லேசரா, கம்பத்தில் நிற்கும் ரேடாரா, பின்னாலேயே வந்த ரோந்து வண்டியின் ஸ்பீடோமீட்டரா? அது தெரியாமல் எதை மறுப்பது?

அன்று என் ஸ்பீடோமீட்டர் முள் 70-ஐத் தாண்டவில்லை. ஐ.நா.வின் 39-ஆம் விதிப்படி ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கொஞ்சம் கூட்டிக் காட்டலாம். ஆக, என் உண்மையான வேகம் இன்னும் குறைவாகத்தான் இருந்திருக்கும். ஆனால் இதெல்லாம் என் வாய்ச்சொல், யாரும் ஏற்கப் போவதில்லை. அதனால் மறுப்புக் கடிதத்தில் கதை எதுவும் எழுதவில்லை. கருவியின் வகை, வெட்டாத முழுப் படங்கள், கருவி சரியாக அளக்கிறதா என்று சோதித்ததற்கான காலிபரேஷன் சான்றிதழ், கருவியைப் பொருத்திய கோணம், இவை வேண்டும் என்று மட்டும் கேட்டேன். முதலில் வந்த பதில் எல்லோருக்கும் அனுப்பும் அச்சடித்த தாள். கெடு முடிவதற்குள் அதே கேள்விகளை மறுபடி அனுப்பிய பிறகுதான் கோப்பு வந்தது.

சாலையோர ரேடார் கேமரா அது. 24 கிகாஹெர்ட்ஸ் அலையை அனுப்பும். ஓடுகிற வண்டியில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் மாறும். டாப்ளர் விளைவு, பள்ளியில் படித்ததுதான். மணிக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 45 ஹெர்ட்ஸ் மாறும். இந்த அளவு நுட்பமாகவே இருக்கும், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ரேடார் சொல்வது வேகத்தை மட்டும்தான். அலைக்கற்றை விரிந்து போவதால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வண்டிகள் இருந்தால், திரும்பி வந்த அலை எதனுடையது என்பதை வேறு வழியில்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதற்காகத்தான் இவ்வகைக் கேமரா அரை விநாடி இடைவெளியில் இரண்டு படங்கள் எடுக்கிறது. சாலையில் வெள்ளைக் கோடுகளும் போட்டிருப்பார்கள். (இப்படிப்பட்ட கேமராக்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த மாரிஸ் காட்சோனிடஸ் 1953-இல் மான்டே கார்லோ ராலி என்ற கார் பந்தயத்தை வென்ற டச்சுக்காரர். வளைவுகளில் தன் வேகத்தை அளந்து இன்னும் வேகமாக ஓட்டத்தான் முதலில் கருவி செய்தாராம்!)

முழுப் படங்களைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. என் காரை ஒட்டிப் பக்கத்துத் தடத்தில் ஒரு வேன். முதல் படத்தில் எனக்குச் சற்றுப் பின்னால், இரண்டாவதில் முன்னால். கோடுகளுக்கு இடையே 2 மீட்டர் என்று கோப்பிலேயே இருந்தது. அப்புறம் கணக்குதான். ஒன்றே ஒன்று கவனிக்க வேண்டும்: கூரையையோ விளக்கையோ வைத்து அளந்தால் கேமராவின் கோணம் ஏமாற்றிவிடும். டயர் தரையைத் தொடும் இடத்தைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். என் பின்சக்கரம் நான்கரை இடைவெளி நகர்ந்திருந்தது: அரை விநாடியில் 9 மீட்டர், அதாவது மணிக்கு 65 கி.மீ. வேனின் பின்சக்கரம் 6 இடைவெளி, 12 மீட்டர்: மணிக்கு 86 கி.மீ. நோட்டீஸில் இருந்த அதே எண். ரேடார் சரியாகத்தான் அளந்திருக்கிறது, வேனை. கேமராவுக்குப் பக்கத்தில் இருந்ததோ என் நம்பர் பிளேட்.

படங்களில் கோடு போட்டு, கணக்கை ஒரே பக்கத்தில் எழுதி அனுப்பினேன். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அங்கிருந்த அதிகாரி நான் எழுதியதைப் படிக்கவே இல்லை. தானே ஸ்கேலை எடுத்து அளந்தார். சரி, போகலாம் என்றார். சில வாரங்களில் நோட்டீஸை ரத்து செய்த கடிதம் வந்தது.

நண்பர்கள் பலர் சொன்ன யோசனை, "கோணம் தப்பு என்று வாதாடு" என்பது. கையில் பிடிக்கும் ரேடாரிலும் லேசரிலும் அது எடுபடாது. ஓரமாக நின்று குறிபார்த்தால் எண் குறைவாகத்தான் வரும்: 20 பாகைக் கோணத்தில் 100-இல் போகும் வண்டிக்கு 94 என்றே காட்டும். ஓட்டியவருக்கு அது லாபம். கம்பத்தில் பொருத்திய கேமரா வேறு கதை. பொருத்திய கோணத்துக்கு ஏற்ப அது தானே எண்ணைத் திருத்திக்கொள்வதால், கருவி சற்றுத் திரும்பியிருந்தால் கூடுதலாகவும் காட்டலாம். கோணத்தை நான் கேட்டது அதனால்தான். அது சரியாகவே இருந்தது.

லேசரில் பிடிபட்டால் பக்கத்து வண்டி வாதத்துக்கும் அவ்வளவாக இடமில்லை. 300 மீட்டர் தூரத்திலும் அதன் கற்றை ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம்தான். அங்கே கேட்க வேண்டியது, எத்தனை மீட்டரில் அளந்தார்கள், பணி தொடங்குமுன் கருவியைச் சோதித்துப் பதிவு செய்தார்களா என்பவை. ரோந்து வண்டி பின்தொடர்ந்து அளந்திருந்தால், அந்த வண்டியின் ஸ்பீடோமீட்டரைக் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள், எவ்வளவு தூரம் ஒரே இடைவெளியில் வந்தார்கள் என்று கேளுங்கள். இரண்டு கேமராக்களுக்கு நடுவே சராசரி பார்த்தது என்றால் அது வெறும் வகுத்தல் கணக்கு. தூரத்தை அளந்த சான்றும் இரண்டு கடிகாரங்களும் ஒத்துப்போனதற்கான பதிவும் சரியாக இருந்தால், பணத்தைக் கட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம்.