அடுப்பை அணைத்துவிட்டேன்

பிஎச்.டி. இரண்டாவது வருடம். நிலவேம்பை நிழலில் காயவைத்து, அரைத்து, கொதிக்கவைத்து வடிகட்டியதில் விரலில் ஏறிய கசப்பு மதியச் சோறு வரைக்கும் கூடவே வந்தது. அப்புறம் அந்தச் சாற்றை மலேரியா கிருமி வளரும் ரத்தத்தில் விட்டு, 48 மணி நேரம் கழித்து கிருமியை எடுத்துக்காட்டும் ஜீம்சா சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், சிவப்பணுவுக்குள் கிருமி மோதிரம் மோதிரமாக ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது!

சிங்ஹாவ் என்ற சீனச் செடியிலிருந்து ஆர்டிமிசினின் என்ற மலேரியா மருந்தைக் கண்டுபிடித்த சீன விஞ்ஞானி து யூயூவும் இங்கேதான் தடுமாறினார். சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று சந்தேகப்பட்டு, சுமார் 35 டிகிரியிலேயே கொதித்துவிடும் ஈதர் என்ற கரைப்பானுக்கு மாறினார். 1971-இல் எலிகளிடம் அந்தச் சாறு முழுதாக வேலை செய்தது. வழிகாட்டியது, அந்தச் சிங்ஹாவ் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொன்ன 1,600 வருடப் பழைய சீனக் குறிப்பு.

நம் வீட்டில் நிலவேம்பென்றாலே கஷாயம்தான், அம்மாவிடம் இதைச் சொன்னால் சண்டைக்கு வருவாள். சரி, நாளைக்கு எத்தனாலில் ஊறப்போடுகிறேன்.