ஓட்டை போட்ட டிஸ்க்

பெட்டியைப் பார்த்தாலே வாங்கத் தோன்றும். கறுப்பு அட்டை, சிவப்பு எழுத்து, உள்ளே வரிசையாக ஓட்டைகளும் சாய்வாக வெட்டிய கோடுகளுமாய் காருக்கான ஒரு ஜோடி பிரேக் டிஸ்க், அதாவது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டு. பிரேக் சூடாகாது, வண்டி குறைந்த தூரத்தில் நிற்கும், மலையில் பிடிப்பு குறையாது என்று மூன்று வாக்குறுதிகள். கோயம்புத்தூர் மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் அட்வைசராக இருக்கிறேன். ஊட்டியிலிருந்து இறங்கும் வண்டிகள், டிஸ்க்கை இருபக்கமும் இறுக்கிப் பிடிக்கும் பேட் கருகிய வாசனையோடு எங்களிடம் வந்து நிற்கும். "அண்ணா, பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகுது" என்பார்கள். இதற்கு அந்தப் பெட்டிதான் மருந்து என்று நானும் நம்பினேன். நம்பி, நாலைந்து பேருக்கு விற்றும் விட்டேன்.

வாங்கியவர்கள் எல்லாரும் திரும்பி வந்து பாராட்டினார்கள். "தொட்டாலே நிக்குதுங்க" என்றார் ஒருவர். அப்புறம் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வந்தார். ஓட்டை டிஸ்க்கின் விலையைக் கேட்டதும் கும்பிடு போட்டுவிட்டு, சாதா டிஸ்க்கே போதும் என்றார். போட்டுக்கொடுத்தோம். அடுத்த வாரம் அவரும் வந்து சொன்னது, எழுத்துப் பிசகாமல், "தொட்டாலே நிக்குது தம்பி".

அன்று சாயங்காலம் பழைய ஜாப் கார்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஓட்டை டிஸ்க் போட்ட ஒவ்வொரு வண்டிக்கும் கூடவே புது பேட், புது பிரேக் ஆயில், பேடை அழுத்தும் காலிப்பரின் பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்தது எல்லாமே நடந்திருக்கிறது. அதற்கு முன்னால் அந்த வண்டிகளின் பேட் தகடு வரை தேய்ந்திருந்தது. சமைத்தது ஒருத்தர், பாராட்டு பந்தல்காரருக்கு. பெட்டியைத் திருப்பினால், பேடையும் சேர்த்து மாற்றினால்தான் முழுப் பலன் என்று எறும்பு சைஸில் அவர்களே அச்சடித்திருந்தார்கள்.

நிற்கும் தூரத்தை எடுத்துக்கொள்வோம். வண்டியைக் கடைசியில் நிறுத்துவது டயருக்கும் ரோட்டுக்கும் உள்ள பிடிப்பு. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டியில் பெடலை ஓங்கி மிதித்தால் காலடியில் கடகடவென்று அதிர்கிறதே, சாதா டிஸ்க்குக்கே சக்கரத்தைப் பூட்டும் பலம் இருக்கிறது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். அதற்கு மேல் பிடித்து என்ன ஆகப்போகிறது? காசு இருந்தால் நல்ல டயர் போடலாம்.

சூடு விஷயம்தான் என்னை ரொம்ப நாள் குழப்பியது. ஓட்டை போட்டால் காற்றுப் படும் பரப்பு கொஞ்சம் கூடும் என்பது பொய் இல்லை. ஆனால் நூறு கிலோமீட்டர் வேகத்திலிருந்து அடித்து நிறுத்த மூன்று நாலு விநாடிதான் ஆகிறது. அந்த நேரத்தில் காற்று பெரிதாக ஒன்றும் செய்யாது, சூட்டையெல்லாம் இரும்புதான் வாங்கிக்கொள்ள வேண்டும். துளையிட்டு இரும்பைக் குறைத்தால் மிச்ச இரும்பு இன்னும் அதிகமாகச் சூடாகும்.

ஒருநாள் காகிதத்தில் கணக்குப் போட்டேன். ஊட்டி கிட்டத்தட்ட 2,240 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் முந்நூற்றுச் சொச்சம். நடுவில் 1,900 மீட்டர் இறக்கம். அதில் வண்டி இழக்க வேண்டிய ஆற்றல், நூறு கிலோமீட்டர் வேகத்திலிருந்து 48 தடவை முழுசாக நிறுத்துவதற்குச் சமம். வண்டி சின்னதோ பெரியதோ, இந்த விகிதம் மாறாது. டாப் கியரில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் இதில் பெரும்பங்கு டிஸ்க் தலையில்தான் விழும். இரண்டாவது கியரில் இறங்கினால் கணிசமான பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும், அதற்குச் செலவும் கிடையாது.

இன்னொன்றும் புரிந்தது. பெடல் கெட்டியாக இருந்து வண்டி நிற்கவில்லை என்றால் சூட்டில் பேட் பிடிப்பை இழந்திருக்கிறது. பெடல் பஞ்சு மாதிரி போனால் பிரேக் ஆயில் கொதித்து உள்ளே ஆவி சேர்ந்திருக்கிறது. டாட் 3 என்ற ரகப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் குடித்து நனைந்துபோன ஆயிலுக்கு அந்த வரம்பு 140தான். வருஷக்கணக்கில் ஆயில் மாற்றாமல் மலை ஏறியவர்களுக்கு நான் டிஸ்க்கில் ஓட்டையை விற்றிருக்கிறேன்.

ஓட்டைகள் வந்த கதையில் நியாயம் உண்டு. பழைய காலத்துப் பேடுகள் சூட்டில் வாயு கக்கும். அந்த வாயு பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே மாட்டிக்கொண்டு வழுக்கும். பந்தயக்காரர்கள் அது வெளியேற வழி செய்தார்கள். இன்றைய பேடுகளில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. கோடு வெட்டிய டிஸ்க் பேடின் மேல்பக்கத்தைச் சுரண்டிப் புதுசாக வைத்திருக்கும், பந்தயத்தில் அது உதவும். வீட்டு வண்டியில் பேட் சீக்கிரம் தேயும், கொஞ்சம் சத்தமும் வரும். "பைக்ல எல்லாம் ஓட்டை இருக்கே?" என்று கேட்காத ஆள் கிடையாது. பைக் டிஸ்க் மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், சுமையும் குறைவு, மழைத் தண்ணீரை வழித்துவிட ஓட்டை உதவும். கார் டிஸ்க் வார்ப்பிரும்பு. ஃபார்முலா ஒன் டிஸ்க்கில் ஆயிரத்துக்கும் மேல் ஓட்டை உண்டு, ஆனால் அவை பேட் உரசும் முகத்தில் இல்லை, விளிம்பில் இருக்கின்றன. டிஸ்க்கும் கார்பன்.

நான் விற்ற ஜோடிகளில் ஒன்று ஒரு வருஷத்தில் திரும்பி வந்தது. ஓட்டைக்கு ஓட்டை மயிரிழை விரிசல். பீளமேடு பக்கம் ஃபவுண்டரியில் ரொம்ப காலம் இருந்த லேத்காரர் விரலால் தடவிப் பார்த்தார். "வார்ப்புல ஓட்டை போட்டா விரிசலுக்குத் தடம் போட்டுக் குடுக்கறாப்ல தானுங்க தம்பி" என்றார். அந்த வண்டிக்காரருக்கு என் கமிஷனை விட்டுக்கொடுத்து சாதா டிஸ்க் மாற்றிக்கொடுத்தேன். முழுப் பணத்தையும் திருப்பித் தர முதலாளி ஒப்பவில்லை.

போன மாதம் ஒரு பையன் சிவப்பு வண்டியோடு வந்தான், அதே மாதிரி டிஸ்க்தான் வேண்டுமாம். மேலே எழுதியதையெல்லாம் அவனிடமும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிண்ணா, வீல் சந்துல பாத்தா அழகா இருக்குமில்ல?" என்றான். இருக்கும் என்றேன். போட்டுக்கொடுத்துவிட்டு, ஜாப் கார்டில் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருதரம் விரிசல் பார்க்கவும் என்று சிவப்பு மையில் எழுதி அவனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.