கிரெடிட் கெட்டுப்போன பிறகு ரொறன்ரோவில் வாடகை வீடு தேடுவது

ஒன்ராறியோவில் வாடகை வீட்டுக்கு விண்ணப்பிப்பவரிடம் வீட்டுச் சொந்தக்காரரோ அவருடைய முகவரோ பொதுவாகக் கேட்பவை வேலைக் கடிதம், சம்பளத் துண்டு, கடன்களை எப்படிக் கட்டினார் என்பதைக் காட்டும் கிரெடிட் அறிக்கை ஆகிய மூன்றும்தான். முதல் இரண்டும் ஒழுங்காக இருந்து மூன்றாவதில் மட்டும் சிக்கிக்கொள்பவர்கள் ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் நம்மவரிடையே குறைவில்லை. என் தங்கையும் அப்படிச் சிக்கியவள். அவளுக்காக வீடு தேடி அலைந்தபோது அறிந்துகொண்டவற்றை, அதே நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படலாம் என்று இங்கே எழுதிவைக்கிறேன்.

தங்கை வாடகையைப் பிந்திக் கொடுத்தவள் அல்லள். திருமண வாழ்வு முறிவதற்கு முன்னர் கணவரும் அவளும் கூட்டாக வைத்திருந்த ஒரு கடன் கணக்கை அவர் கட்டாமல் விட்டுவிட்டார். கூட்டுக் கணக்கில் முழுத் தொகைக்கும் இருவருமே பொறுப்பாளிகள். அதனால், கடனை அவரே அடைக்க வேண்டும் என்று பிரிவு உடன்படிக்கையில் தெளிவாக எழுதப்பட்டிருந்தும், அந்த உடன்படிக்கையில் தரப்பாக இல்லாத வங்கியை அது கட்டுப்படுத்தவில்லை. 300 முதல் 900 வரை செல்லும் கனடிய கிரெடிட் மதிப்பெண் அளவில் அவளுடைய எண் 600க்குக் கீழே இறங்கியது. 650க்குக் குறைந்தால் விண்ணப்பத்தையே திறந்து பார்க்காத முகவர்களைத்தான் நாங்கள் அதிகம் சந்தித்தோம். "அக்கா, உங்கட சம்பளம் எல்லாம் காணும், ஸ்கோரைப் பார்த்தால் வீட்டுக்காரர் ஓமெண்டு சொல்லமாட்டார்" என்று ஒரு தமிழ் முகவர் சொன்னதில் கோபப்பட எதுவுமில்லை. அவர் உள்ளதைச் சொன்னார்.

வீட்டுச் சொந்தக்காரர் தெரிந்துகொள்ள விரும்புவது மாதத்தின் முதலாம் தேதி வாடகை வந்து சேருமா என்பது. மதிப்பெண் அதற்கு விடை சொல்வதில்லை. கடனட்டை, வாகனக் கடன், கைத்தொலைபேசி ஒப்பந்தம் போன்றவற்றை எப்படிக் கட்டினார் என்பதைத்தான் அது பெரும்பாலும் சொல்கிறது. பத்து ஆண்டுகள் தவறாமல் வாடகை கட்டியவரின் ஒழுங்கு, யாரும் தனியாகப் பதிவுசெய்யாவிட்டால், அந்த அறிக்கையில் ஒரு வரியாகக்கூட இராது. மாதாமாதம் சீட்டுக் கட்டி ஊரெல்லாம் நாணயமானவர் என்று பெயரெடுத்தவரின் நிலையும் அதுவே. ஆகவே மதிப்பெண் குறைந்தவர், சொந்தக்காரர் அறிக்கையைத் திறக்கும் முன்பே, அவருடைய உண்மையான கேள்விக்கான விடையைத் தாள்களாகக் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது என் முடிவு.

அதற்கு முன்னர் தம் அறிக்கையைத் தாமே பார்த்துவிடுவது அவசியம். கனடாவில் ஈக்குவிபாக்ஸ், ட்ரான்ஸ்யூனியன் ஆகிய இரண்டு நிறுவனங்கள் இந்த அறிக்கைகளை வைத்திருக்கின்றன. இரண்டிலிருந்தும் இலவசமாகப் பெறலாம், தம் அறிக்கையைத் தாமே கேட்டுப் பார்ப்பதால் மதிப்பெண் குறைவதுமில்லை. இரண்டும் ஒன்றுபோல இருக்கும் என்று எண்ணக்கூடாது, ஏனெனில் எல்லாக் கடன்கொடுப்போரும் இரண்டுக்கும் தகவல் அனுப்புவதில்லை. கணக்குகளின் எதிரே ஆர்1 முதல் ஆர்9 வரை குறியீடுகள் இருக்கும். ஆர்1 என்றால் ஒழுங்காகக் கட்டப்படுகிறது, ஆர்7 என்றால் கடனைக் குறைத்துக் கட்டும் ஏற்பாட்டில் இருக்கிறது, ஆர்9 என்றால் வாராக்கடனாக எழுதப்பட்டோ வசூல் நிறுவனத்திடம் கொடுக்கப்பட்டோ இருக்கிறது என்று பொருள். நம்மவர் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது பெயரை. தகப்பனார் பெயர் ஓர் ஆவணத்தில் முதற்பெயராகவும் இன்னோர் ஆவணத்தில் குடும்பப் பெயராகவும் பதியப்பட்டு, ஆங்கில எழுத்துக்கூட்டலும் இடத்துக்கு இடம் மாறியிருந்தால், ஒருவருடைய கோப்பு இரண்டாகப் பிரிந்துவிடவோ வேறொருவருடைய கடன் இவர் கோப்பில் வந்து சேரவோ வாய்ப்புண்டு. தவறான பதிவை மறுத்து எழுதினால் நிறுவனம் கட்டணமின்றி விசாரித்தாக வேண்டும். உண்மையான பதிவை மட்டும் எவரும் பணம் வாங்கிக்கொண்டு அழித்துத் தர முடியாது. அப்படி விளம்பரம் செய்பவர்களை நம்பிப் பணத்தை விடவேண்டாம்.

தங்கைக்காக நாங்கள் தயாரித்த கோவையில் வேலைக் கடிதமும் சம்பளத் துண்டுகளும் போக, முந்தைய வீட்டுச் சொந்தக்காரரின் கடிதம், வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் வாடகை போனதைக் காட்டும் ஓர் ஆண்டுக் கூற்றுகள், பிரிவு உடன்படிக்கையில் கடன் பற்றிய பக்கம், நடந்ததை விளக்கும் அரைப்பக்கக் கடிதம் ஆகியன இருந்தன. அந்தக் கடிதத்தைச் சுருக்கமாக எழுதுவதுதான் கடினமாக இருந்தது. துயரக் கதை முழுவதையும் எழுதத் தோன்றும். படிப்பவருக்கோ எந்தக் கடன், ஏன் தவறியது, இப்போது எவ்வளவு கட்டப்படுகிறது என்பவையே போதும். மதிப்பெண்ணை மறைக்காமல் முதல் வரியிலேயே எழுதினோம். விண்ணப்பப் படிவத்தில் சமூகக் காப்புறுதி எண்ணுக்கு இடம் இருந்தாலும் அதைக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பெயர், பிறந்த தேதி, முகவரி ஆகியவற்றைக் கொண்டே அறிக்கையைப் பெறலாம்.

சட்டம் எதை அனுமதிக்கிறது என்பதையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஒன்ராறியோ மனித உரிமைக் கோவையின் கீழ் வரும் 290/98ஆம் ஒழுங்குவிதி, கிரெடிட் சோதனை, வாடகை வரலாறு, வருமானத் தகவல், பிணையாளர் ஆகியவற்றைக் கேட்க வீட்டுச் சொந்தக்காரருக்கு இடமளிக்கிறது. வரலாறே இல்லாத புதுக் குடிவரவாளரை அந்த இன்மையைக் காட்டி ஒதுக்கக்கூடாது என்பது மனித உரிமை ஆணைக்குழுவின் நிலைப்பாடு. கெட்ட வரலாறு உள்ளவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆனால் மதிப்பெண்ணைச் சாக்காகக் காட்டி வேறு காரணத்துக்காக மறுப்பதும் நடக்கிறது. "பிள்ளை, அவர் கூட வரேல்லையோ? தனியவோ இருக்கப்போறியள்?" என்று கேட்ட ஒரு பெரியவர் அதற்குப் பிறகுதான் மதிப்பெண்ணைக் கேட்டார். மணநிலையையோ பிள்ளைகள் இருப்பதையோ காரணமாக்கி மறுப்பதை அதே மனித உரிமைக் கோவை தடைசெய்கிறது.

பண விடயத்தில் 2006ஆம் ஆண்டின் குடியிருப்பு வாடகைச் சட்டம் தெளிவானது. வைப்புப் பணமாக ஒரு மாத வாடகைக்கு மேல் கேட்க முடியாது. அதுவும் கடைசி மாத வாடகைக்கு மட்டுமே செல்லும், அதற்கு ஆண்டுதோறும், மாகாண அரசு அந்த ஆண்டுக்கு அறிவிக்கும் வாடகை உயர்வு வீதத்திலேயே வட்டியும் தரவேண்டும். 2025இல் அந்த வீதம் 2.5 விழுக்காடாக இருந்தது. சேத வைப்பு என்பது ஒன்ராறியோவில் இல்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் அரைமாத வாடகையளவு வாங்கலாம் என்பதால் அங்கிருந்து வந்தவர்கள் இங்கும் அதைக் கொடுத்துவிடுகிறார்கள். பின்தேதியிட்ட காசோலைகளைக் கட்டாயப்படுத்துவதற்கும் அனுமதி இல்லை. ஆறு மாத வாடகையை முற்பணமாகத் தாமே கொடுக்க முன்வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். சேமிப்பை எல்லாம் ஒருவர் கையில் கொடுத்துவிட்டுப் பிணக்கு வந்தால் திரும்பப் பெறுவது எளிதல்ல என்பதால் தங்கையை நான் அதற்கு விடவில்லை.

இந்தப் பாதுகாப்புகள் அடிபட்டுப்போகும் ஓர் இடம் உண்டு. வீட்டுச் சொந்தக்காரரோடு அல்லது அவருடைய நெருங்கிய குடும்பத்தவரோடு சமையலறையையோ குளியலறையையோ பகிர வேண்டிய இடமாக இருந்தால், வாடகைச் சட்டம் அந்த ஏற்பாட்டுக்குப் பொருந்தாது. மனித உரிமைக் கோவையின் குடியிருப்புப் பாதுகாப்பும் பொருந்தாது. கிரெடிட் கெட்டவருக்கு எளிதாகக் கிடைப்பது பெரும்பாலும் இப்படியான அறைதான், ஏனெனில் அங்கே யாரும் அறிக்கை கேட்பதில்லை. அவசரத்துக்கு அது தவறில்லை. ஆனால் தனிச் சமையலறையும் தனிக் குளியலறையும் உள்ள பேஸ்மென்ட் அதே பகுதியில் சற்று அதிக வாடகைக்குக் கிடைக்குமானால், அந்த மேலதிகப் பணத்தைச் சட்டப் பாதுகாப்புக்காகக் கொடுப்பதாக எண்ணிக்கொள்ளலாம்.

இணைப்பிணையாளரைக் கேட்பார்கள். அண்ணனோ மாமாவோ கையெழுத்திட முன்வரலாம். வாடகை தவறினால் அவர் பொறுப்பேற்க வேண்டிவரும் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே இரு தரப்பும் வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். உறவினருடைய வாகனக் கடனுக்குக் கையெழுத்திட்டுத் தம் கிரெடிட்டை இழந்தவர்கள் எத்தனையோ குடும்பங்களில் இருக்கிறார்கள். எங்கள் கோவையைப் பார்த்த ஒரு சொந்தக்காரர், முந்தைய சொந்தக்காரருடன் தொலைபேசியில் பேசிவிட்டு, பிணையாளர் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்.

வீடு கிடைத்ததும் 2018 ஏப்ரல் 30 முதல் நடைமுறையில் உள்ள அரச வாடகை ஒப்பந்தப் படிவத்தில்தான் கையெழுத்திட வேண்டும்; எழுத்தில் கேட்டும் சொந்தக்காரர் 21 நாள்களுக்குள் தராவிட்டால் ஒரு மாத வாடகையை நிறுத்திவைக்கும் உரிமை வாடகையாளருக்கு உண்டு. வாடகையைக் காசாகக் கொடுக்காமல் வங்கி வழியாகவே அனுப்பி, பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்கி வைக்க வேண்டும். கேட்டால் இலவசமாகத் தர வேண்டியது சொந்தக்காரரின் கடமை. தவறிய கணக்கின் பதிவு பொதுவாக ஆறு ஆண்டுகள் அறிக்கையில் இருக்கும். அதற்குள் இன்னொரு வீடு தேட நேர்ந்தால், கோவையில் முதலாவதாக வைக்க வேண்டியவை இந்தப் பற்றுச்சீட்டுகளே.