இரண்டு அம்பயர், யாருக்கு எந்தக் கோடு? ஹப்புத்தளை நாட்குறிப்பு

ஜூலை 12

தோட்ட அணிகளின் மென்பந்துக் கிரிக்கெட் தொடர் ஆரம்பம். துடுப்பெடுத்தாடும் அணியிலிருந்தே ஒருவரை லெக் அம்பயராக, அதாவது மட்டை பிடிப்பவருக்குப் பக்கவாட்டில் நிற்கும் அம்பயராக, அனுப்புவது நம் பக்கத்து வழக்கம். அவருக்கு வேலையைப் பிரித்துச் சொல்ல ஆளில்லை. போய் நின்று பந்தைப் பார்த்தால் போதும் என்று நினைக்கிறார். பிழையான தீர்ப்புகளில் பாதிக்கு மேல் இதனால்தான் வருகின்றன: இருவர் கண்ணும் பந்தில், கோட்டைப் பார்க்க ஆளில்லை.

நாணயம் சுண்டுவதற்கு முன்பே பேசிவிட வேண்டும். ஸ்டம்பிங், ஹிட் விக்கெட், விக்கெட் காப்பாளர் முனையில் ரன் அவுட்: இந்த மூன்றுக்கும் விரலைத் தூக்குவது லெக் அம்பயர். மற்ற முறையீடு எல்லாவற்றுக்கும் பந்துவீச்சு முனையில் நிற்பவரே பதில் சொல்வார். முன்கால் நோபோலும் வைட்டும் அவருடையவை. லெக் பக்கம் கிரீஸுக்கு (மட்டை பிடிப்பவர் நிற்கும் கோட்டுக்கு)ப் பின்னால் காப்பாளர் தவிர இரண்டு பேருக்கு மேல் நின்றால் நோபோல். அதை எண்ணுவது லெக் அம்பயரின் வேலை. காப்பாளரின் கையுறை ஸ்டம்பைத் தாண்டி முந்தி வருகிறதா என்று பார்ப்பதும் அவரே.

ஜூலை 13

இன்று முழுக்க ரன் அவுட் பேச்சு.

பந்துவீச்சு முனை அம்பயர் பந்து போன பக்கமே நகர வேண்டும். கவர் பக்கம் அடித்தால் கவர் பக்கம். மறுபக்கம் ஓடினால் ஸ்டம்பருகே பந்தை வாங்க நிற்கும் பந்துவீச்சாளரின் முதுகுதான் தெரியும். எறி வரும் பாதையை விட்டு விலகி, கிரீஸ் கோட்டுக்கு நேராக வந்து, கால்களை ஊன்றித் தலையை அசையாமல் வைக்க வேண்டும். ஓடிக்கொண்டே பார்த்தால் கோடும் சேர்ந்து அசையும். எறிபவரின் கையைப் பந்து விட்டதும் கண் கோட்டுக்கு வந்துவிட வேண்டும். மட்டை நுனி கோட்டின் மேல் கிடந்தால் அவுட். கோட்டைக் கடந்து உள்ளே நிலத்தைத் தொட்டிருக்க வேண்டும். ஸ்டம்பில் பந்து உரசியது மட்டும் போதாது, ஸ்டம்பின் மேல் வைத்திருக்கும் பெயில் விழுந்தாக வேண்டும்.

யாரும் பிடிக்காமல் தப்பிப் போன எறி, அதாவது ஓவர்த்ரோ, பவுண்டரிக்குப் போனால் கணக்கு எறிந்த கணத்தைப் பொறுத்தது. அந்தக் கணத்தில் ஓடுபவர் இருவரும் ஒருவரையொருவர் கடந்திருந்தால்தான் ஓடிக்கொண்டிருந்த ஓட்டம் சேரும். 2019 உலகக் கிண்ண இறுதியில் நியூசிலாந்தின் கப்டில் எறிந்தபோது இங்கிலாந்தின் ஸ்டோக்ஸும் ரஷீத்தும் இரண்டாவது ஓட்டத்தில் இன்னும் கடக்கவில்லை. ஐந்து வரவேண்டிய இடத்தில் ஆறு கொடுத்தார்கள். களத்தில் நின்ற அம்பயர்கள் நம் நாட்டுக் குமார் தர்மசேனவும் மரைஸ் எராஸ்மஸும்; அனுபவத்தில் குறைந்தவர்களல்ல. அவ்வளவு கடினமான பார்வை அது. ஆகவே ஒருவர் எறிபவரைப் பார்த்தால் மற்றவர் ஓடுபவர்களைப் பார்ப்பது என்று முன்கூட்டியே பிரித்துக்கொள்வது நல்லது.

ஜூலை 20

கச்சான் காற்று பலம். பந்து படாமலே பெயில் பறக்கிறது. இரண்டு அம்பயரும் ஒத்துக்கொண்டால் பெயில் இல்லாமல் ஆடலாம், ஆனால் இரண்டு முனையிலும் எடுத்துவிட வேண்டும். ஒரு முனையில் மட்டும் எடுப்பது விதியல்ல. அதன்பின் பந்து ஸ்டம்பில் பட்டதா என்பதை அந்தந்த முனைக்குரியவரே தீர்மானிப்பார். காற்று தணிந்ததும் திரும்ப வைத்துவிட வேண்டும்.

ஜூலை 26

பிற்பகலில் தெற்குப் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறியது. வெளிச்சம் போதுமா என்பதை ஒருவர் தனியாக முடிவு செய்யக்கூடாது. இருவரும் சேர்ந்து சொல்ல வேண்டும். கருத்து வேறுபட்டால் நடந்துகொண்டிருக்கும் நிலை தொடரும். தலைவர்களின் கெஞ்சலைக் கேட்கக் கூடாது. எல்லையில் நிற்பவரின் கைகள் தெரியாத பனியில் வேகமாக வரும் பந்தை எதிர்கொள்ளச் சொல்வது ஆபத்து.

சரிவான மைதானத்தில் இன்னொரு சிக்கல். கீழ்ப்பக்க எல்லையில் பிடி எடுப்பவரின் இடுப்புக்குக் கீழே பந்துவீச்சு முனையிலிருந்து தெரியாது. பிடி நிலத்தில் பட்டதா, கால் கயிற்றில் பட்டதா என்ற சந்தேகம் வந்தால் லெக் அம்பயரைக் கேட்கலாம், அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தால் சொல்வார். கேட்டும் சந்தேகம் தீரவில்லை என்றால் நொட் அவுட்.

ஆகஸ்ட் 2

லெக் பக்கம் மண்மேடு. அங்கே நின்றால் கிரீஸ் சரிவாகத் தெரிகிறது. லெக் அம்பயர் எதிரே உள்ள ஓஃப் பக்கம் போகலாம். களத்தடுப்பு அணித் தலைவர், துடுப்பாட்ட வீரர், சக அம்பயர் மூவருக்கும் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

பந்து எண்ண ஆறு கூழாங்கல், ஒரு பையிலிருந்து மறு பைக்கு. நாலாவது பந்து முடிந்ததும் இன்னும் இரண்டு பந்து என்று இரண்டு விரலை வயிற்றருகே காட்ட, மற்றவரும் காட்ட வேண்டும். பொருந்தாவிட்டால் ஐந்தாவது பந்துக்கு முன்பே குறிப்பாளரிடம் கேட்டுத் தீர்த்துக்கொள்ளலாம்.