வாழைக்கன்றுக்குச் சான்றிதழ் வாங்கிய கதை

வாழைக்குருத்தைப் பாட்டிலில் வளர்த்துக் கன்றாக்கும் எங்கள் கூடத்துக்கு அங்கீகாரம் தர ஆய்வுக் குழு வந்தால், நேராகக் கிருமியில்லாத காற்றில் குருத்தைப் பிரிக்கும் லேமினார் அறைக்குத்தான் போவார்கள் என்று நினைத்து, முதல் நாள் இரவு வெகுநேரம் அதை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் வந்தவர்களில் மூத்தவர் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, "போன மாசம் கன்று வித்த பில் ஒண்ணு எடுங்க தம்பி" என்றார். எடுத்தேன். "இது எந்த பேட்ச்?" சொன்னேன். "அந்த பேட்ச் எந்தப் பாட்டில்கள்ல இருந்து வந்துச்சு?" ரிஜிஸ்டரைப் புரட்டிக் காட்டினேன். "எத்தனையாவது பிரிப்பு? அதோட தாய்மரம் எங்க நிக்குது?"

அங்கே நூல் அறுந்தது. தாய்மரத்தின் கட்டை எடுத்துவந்த தோட்டம் எனக்கு ஞாபகம் இருந்தது, நோட்டில் இல்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை, பேனாவை மட்டும் எடுத்தார்.

தேனிப் பக்கம் சிறிய திசு வளர்ப்புக் கூடம் எங்களுடையது. வாழைதான், அதிலும் பெரும்பாலும் ஜி9 என்ற ரகம். சில வருடம் சான்றிதழ் இல்லாமலே ஓட்டினோம். மானியத் திட்டங்களுக்குக் கன்று கொடுக்கப் போனபோதுதான் "அங்கீகாரம் இருக்கா?" என்று கேட்டார்கள். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை, 1966 விதைச் சட்டத்தின் கீழ் 2006-இல் கொண்டுவந்த ஏற்பாடு இது. முதலில் கூடத்துக்கு அங்கீகாரம், அது இரண்டு வருடத்துக்குச் செல்லும். அப்புறம் வெளியே போகும் ஒவ்வொரு பேட்சுக்கும் தனியாகப் பரிசோதனை, சான்று.

எதற்கு இவ்வளவு கெடுபிடி என்று எனக்கும் எரிச்சல் வந்தது உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தபோது அடங்கிவிட்டது. ஒரு மொட்டை ஒவ்வொரு முறையும் மூன்றாகப் பிரித்தால் எட்டாவது பிரிப்பில் 6,561. தாய்க்கட்டையில் முடிக்கொத்து வைரஸ் இருந்தால் அதுவும் கூடவே அத்தனை பாட்டிலுக்கும் போய்விடும். பாட்டிலுக்குள் செடி பச்சைப்பசேலென்றுதான் இருக்கும். தோட்டத்தில் நட்டு, இலைகள் குட்டையாகி உச்சியில் கொத்தாக நெருக்கும்போது, விவசாயியின் ஒரு வருடமே போயிருக்கும். சிறுமலை, விருப்பாச்சி மலைவாழைகளை இந்த நோய் என்ன பாடு படுத்தியது என்பது திண்டுக்கல் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும்.

முதல் ஆய்வில் தேறவில்லை. குறைகளின் பட்டியல் நீளம். பதிவேடு, உடை மாற்றும் அறை, பசுமைக்கூடத்துக்கு இரட்டைக் கதவு. கடைசியாக எழுதியிருந்ததுதான் மானத்தை வாங்கியது. பாட்டில் கழுவும் தண்ணீர் வீணாகப் போகிறதே என்று எங்கள் வாட்ச்மேன் அண்ணன் கழிவுநீர் வாய்க்கால் ஓரம் ஒரு வாழை வைத்திருந்தார். நன்றாக வளர்ந்து பக்கக்கன்றெல்லாம் விட்டிருந்தது. ஆய்வுக்கு வந்தவர் அதன் குருத்து மடலை லேசாக விலக்கிக் காட்டினார். உள்ளே கரும்பழுப்பில் அசுவினி, மிளகைப் பொடித்துத் தூவியது போல. முடிக்கொத்து வைரஸைச் செடிக்குச் செடி சுமக்கிற வாழை அசுவினி அதுதான். அந்த மரத்துக்கும் எங்கள் பசுமைக்கூடத்துக்கும் நடுவில் இருபதடி கூட இல்லை. அன்று சாயங்காலமே கிழங்கோடு தோண்டி எடுத்தோம். அண்ணன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அடுத்த அடி பூவனில் விழுந்தது. ஜி9-க்குப் போட்டி அதிகமாகிவிட்டதால் பூவனும் போடலாம் என்று ஆரம்பித்து 4,000 பாட்டில் வரை வந்திருந்தோம். அங்கீகாரம் பெற்ற பரிசோதனைக் கூடத்துக்கு இலை மாதிரிகள் அனுப்பினோம். பார்க்கும் நான்கு வைரஸ்களில் முடிக்கொத்து, பிராக்ட் மொசைக், வெள்ளரித் தேமல் மூன்றும் இல்லை என்று வந்தது. நான்காவதான ஸ்ட்ரீக் வைரஸ் மட்டும் பாசிட்டிவ்.

போன் செய்தபோது அங்கிருந்த விஞ்ஞானி பொறுமையாகச் சொன்னார். ஜி9-இன் மூன்று மரபணுத் தொகுப்பும் 'ஏ' வகை. பூவனில் இரண்டு 'ஏ', ஒன்று 'பி'. அந்த 'பி'-க்குள் ஸ்ட்ரீக் வைரஸின் துண்டுகள் தலைமுறை தலைமுறையாக ஒட்டிக்கொண்டிருக்கும். டி.என்.ஏ.வைப் பெருக்கிப் பார்க்கும் சாதாரண பி.சி.ஆர். சோதனை அந்தத் துண்டைப் பார்த்தும் பாசிட்டிவ் என்று சொல்லிவிடக்கூடும். அதனால் முழு வைரஸிடம் இருக்கும் வட்ட வடிவ டி.என்.ஏ.வை மட்டும் பெருக்கிப் பார்க்கும் இன்னொரு முறையில் திரும்பச் சோதிப்போம் என்றார். பத்து நாள் நம்பிக்கையோடு இருந்தேன். அதிலும் பாசிட்டிவ். தூங்கிக்கொண்டிருந்த துண்டு விழித்து, முழு வைரஸாகவே வெளியே வந்திருக்கிறது. திசு வளர்ப்பின் நெருக்கடியே சில சமயம் அதை எழுப்பிவிடும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். குருத்து நுனியை எவ்வளவு பொடியாக வெட்டி எடுத்தாலும் பயனில்லை, ஏனென்றால் அது செடியின் மரபணுவிலேயே இருக்கிறது.

4,000 பாட்டிலையும் நீராவி அழுத்தத்தில் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் வேகவைத்துக் கொட்டினோம். வெந்த வாழைக்குருத்தும் சர்க்கரையும் கலந்த அந்த வாசனை மூன்று நாள் கூடத்தை விட்டுப் போகவில்லை. பூவனை அத்தோடு விட்டுவிட்டேன். கோழைத்தனம் என்று என் மச்சான் சொல்கிறான். இருக்கட்டும்.

ஊரில் கேட்பவர்கள் வேறு விதம். "டிஷ்யூ கல்ச்சர்னா மரபணு மாத்துன வாழைதானே?" இல்லை என்று டீக்கடையில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! நம் நாட்டில் வணிக அளவில் விளைகிற மரபணு மாற்றுப் பயிர் 2002-இல் அனுமதி பெற்ற பி.டி. பருத்தி ஒன்றுதான். வேளாண் உயிரித் தொழில்நுட்பம் என்றாலே அந்தச் சண்டைதான் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது, நாம் சாதித்தது வருவதில்லை. 1964-இல் டெல்லி பல்கலைக்கழகத்தில் சிப்ரா குஹாவும் மகேஸ்வரியும் ஊமத்தையின் மகரந்தப் பையை வளர்த்து ஒற்றைத் தொகுதி குரோமோசோம் கொண்ட செடி எடுத்தது உலகத்துக்கே முதல். வாழை விளைச்சலில் உலகில் முதலிடம் நமக்கு. வாழைக்கென்றே ஒரு தேசிய ஆராய்ச்சி மையம் 1993-இலிருந்து திருச்சியில் இருக்கிறது. இந்தச் சான்றிதழுக்கான பரிசோதனையும் அங்கே செய்கிறார்கள். ஒரு சின்னக் கூடத்துக்காரன் இலையை அனுப்பிவிட்டு, விஞ்ஞானியிடம் போனில் சந்தேகம் கேட்க முடிகிறது. என்னைக் கேட்டால் நம் பலம் அதுதான்.

இரண்டாவது ஆய்வுக்கு ரிஜிஸ்டரை மேசையில் முன்கூட்டியே விரித்து வைத்துவிட்டேன். தாய்மரத்துக்கு எண், கட்டை எடுத்த தேதி, ஒவ்வொரு பிரிப்பும் யார் கையால் நடந்தது என்பது வரை எல்லாம் இருந்தது. பில்லிலிருந்து பின்னோக்கிப் போய்த் தாய்மரம் வரை தடையில்லாமல் போனார்கள். சில வாரத்தில் அங்கீகாரம் வந்தது. அதன் பிறகு முதல் பேட்ச், வைரஸ் சோதனையோடு, எல்லாக் கன்றும் தாயைப் போலவே இருக்கிறதா என்ற மரபணு ஒற்றுமைச் சோதனையும் தேறி, லேபிளோடு கைக்கு வந்தது.

அந்த பேட்சை முதலில் வாங்க வந்தவர் சின்னமனூர்ப் பக்கத்துப் பெரியவர். சான்றிதழை லேமினேட் செய்து வைத்திருந்ததை நீட்டினேன். கண்ணாடி கொண்டுவரவில்லை என்று அதை அப்படியே திருப்பிக் கொடுத்தார். ஒரு பாலித்தீன் பையை எடுத்துக் கவிழ்த்து, மண்ணைத் தட்டிவிட்டு, வேரை வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"வேர் வெள்ளையா இருக்கு தம்பி. வண்டில ஏத்துங்க" என்றார்.