பளிங்குத் தூண் வேண்டாம் என்ற பள்ளிவாசல்

கெய்ரோ போகிறவர்கள் அல் அஸ்ஹர், சுல்தான் ஹசன் பள்ளிவாசல்கள் இரண்டையும் பார்த்ததோடு போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இப்னு துலூன் பள்ளிவாசலைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். எகிப்தில் இதைவிட மூத்தது அம்ரு இப்னுல் ஆஸ் பள்ளிவாசல். ஆனால் அதை இடித்து, நீட்டி, மாற்றி, பழைய கட்டடம் என்று சொல்ல அதிகம் மிச்சமில்லை. இது 879இல் கட்டி முடித்த அமைப்பிலேயே பெரும்பாலும் நிற்கிறது.

அஹ்மத் இப்னு துலூன் 868இல் அப்பாசியர்கள் என்ற கலீஃபா வம்சத்தின் சார்பில் எகிப்தை ஆள வந்தவர். வந்த சில வருடங்களில் தனி அரசர் போலவே ஆகிவிட்டார். அல் கத்தாயி என்று தனக்கென ஒரு நகரமும் எழுப்பினார். 905இல் அப்பாசியப் படை வந்து அந்த நகரத்தைத் தரைமட்டமாக்கியது. பள்ளிவாசலில் மட்டும் கை வைக்கவில்லை.

இதைப் பற்றி ஒரு பழைய கதை உண்டு. பள்ளிவாசலுக்கு 300 பளிங்குத் தூண்கள் வேண்டும், அவற்றைத் தேவாலயங்களிலிருந்துதான் பெயர்த்தெடுக்க வேண்டும் என்றார்களாம். இப்னு துலூனுக்கு மனம் ஒப்பவில்லை. சிறையில் கிடந்த கிறிஸ்தவக் கட்டடக் கலைஞர் ஒருவர், மிஹ்ராபுக்கு, அதாவது தொழும் திசையைக் காட்டும் சுவர் மாடத்துக்கு, இரண்டு தூண் போதும், மற்றதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதி அனுப்பி, தோலில் வரைந்தும் காட்டினாராம். கேட்க நன்றாக இருக்கிறது. எனக்கென்னவோ பளிங்கை விட்டுச் செங்கல்லில் கட்டியதற்குக் காரணம் இன்னும் எளிது என்று படுகிறது. இப்னு துலூன் வளர்ந்தது ஈராக்கின் சாமர்ராவில். அங்கே பெரிய பள்ளிவாசல்களைச் செங்கல்லில்தான் கட்டினார்கள். பழகியதை இங்கே கொண்டுவந்திருக்கிறார், அவ்வளவுதான்.

கட்டடத்தை உற்றுப் பாருங்கள். கனத்த செங்கல் தூண்கள், மேலே கூர்முனை வளைவுகள், எல்லாவற்றின் மீதும் வெள்ளைச் சாந்துப் பூச்சு. ஐரோப்பாவின் கோதிக் தேவாலயங்களுக்கு இரண்டு நூற்றாண்டுக்கும் மேல் முந்தைய வளைவுகள் இவை. ஒவ்வொரு தூணின் நான்கு மூலையிலும் சின்னத் தூண் ஒட்டி நிற்பதுபோல் செங்கல்லிலேயே செய்திருக்கிறார்கள். பளிங்குத் தூண் வேண்டாம் என்றவர்களுக்கும் அந்தத் தூண் ஆசை விடவில்லை போலும்! இரண்டு வளைவுகளுக்கு நடுவே, தூணுக்கு மேலே, சிறிய வளைவு ஒன்றைத் திறந்து விட்டிருக்கிறார்கள். அதனால் சுவரின் கனம் குறைகிறது, வெளிச்சமும் வருகிறது. என் கண்ணுக்கு, அலங்காரம் எல்லாவற்றையும்விட அழகு அதுதான்.

நடுமுற்றம் பக்கத்துக்குச் சுமார் 92 மீட்டர். அதைச் சுற்றி, தொழும் திசையான கிப்லா பக்கம் ஐந்து வரிசைத் தூண்கள், மற்ற மூன்று பக்கமும் இரண்டிரண்டு. அப்புறம் கிப்லா பக்கம் தவிர மூன்று பக்கமும் வெளிமுற்றம், அதைச் சுற்றி இன்னொரு மதில். தெருச் சத்தம் தொழுகிறவர்களை எட்டாது.

முற்றத்தின் நடுவில் குவிமாடத்தோடு இருக்கும் ஒளு செய்யும் இடம், அதாவது தொழுகைக்கு முன் கை கால் கழுவும் இடம், பிற்காலத்தது. சுல்தான் அல் அஷ்ரஃப் கலீலை 1293இல் கொன்றவர்களுக்கு உடந்தையாக இருந்த லாஜீன் என்ற தளபதி (அப்போது எகிப்தை ஆண்ட, அடிமைப் போர்வீரர் வழிவந்த மம்லூக்குகளில் ஒருவர்), பாழடைந்து கிடந்த இந்தப் பள்ளிவாசலில் ஒளிந்துகொண்டார். உயிர் தப்பினால் இதைச் சீர்படுத்துவேன் என்று நேர்ந்துகொண்டவர், 1296இல் தானே சுல்தானாகி அதைச் செய்தும் முடித்தார். ஒளு செய்யும் இடமும் அப்போது கட்டியதுதான்.

வெளியே படிக்கட்டு சுற்றி ஏறும் மினாரா என்ற கோபுரமும் லாஜீன் காலத்தில் கட்டியதா, பழையதா என்பதில் அறிஞர்களுக்குள் சண்டை தீரவில்லை. வடிவம் சாமர்ராவின் சுருள் மினாராவை நினைவூட்டுகிறது. ஆனால் பள்ளிவாசல் செங்கல், மினாரா சுண்ணாம்புக்கல். அதில் அந்தலூசியா, அதாவது முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயின், பாணிக் குதிரைலாட வளைவுகள் வேறு இருக்கின்றன. என் ஓட்டு லாஜீனுக்கே.