நீல வாங்கு

யாழ்ப்பாணத்தில் 1990 இல் மின்சாரம் நின்றபிறகு எங்கள் வகுப்பார் படித்தது ஜாம் போத்தல் விளக்கில்தான். பஞ்சில் ஊறிய கொஞ்ச மண்ணெண்ணெய், ஒரு திரி. கை தட்டினால் கவிழ்ந்துவிடும். அப்படிக் கவிழ்ந்ததில் ஒருவனுக்கு முகம் எரிந்தது. மாதங்கள் கழித்து வந்தவனுக்கு, "கூச்சப்படுவான்" என்று கடைசி வாங்கில் சுவரோரமாக இடம் ஒதுக்கப்பட்டது. நல்லெண்ணம்தான்.

இங்கே இங்கிலாந்தில், லண்டனுக்கு அருகே சிட்கப்பிலும் அதே நல்லெண்ணம் இருந்திருக்கிறது. முதலாம் உலகப்போரில் முகம் சிதைந்த படைவீரருக்காக 1917 இல் அங்கே ஒரு மருத்துவமனை திறந்தார்கள். ஹரோல்ட் கில்லிஸ் அறுவைச் சிகிச்சை செய்த இடம். அங்கிருந்து ஊருக்குள் போகும் தெருவில் சில வாங்குகளுக்கு நீலம் பூசினார்கள். அதில் இருப்பவரைக் கண்டு ஊரார் திடுக்கிடாமல் இருக்கவேண்டுமாம்!

அடுத்த போரில் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை நிபுணர் ஆர்ச்சிபால்ட் மக்கிண்டோ நேர்மாறாக நடந்தார். எரிகாயப்பட்ட விமானப்படையினரை நோயாளி உடுப்பில் அடைத்துவைக்காமல், சொந்தச் சீருடையில் ஊருக்குள் அனுப்பினார். வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள் என்று ஊராரையும் கேட்டுக்கொண்டார். நோயாளிகள் தங்களையே சோதனைப் பிராணிகள் என்று கேலிசெய்து 1941 இல் தொடங்கிய கினிப்பன்றிச் சங்கத்தில் போர் முடியும்போது 649 பேர். பொருளாளராகக் கால் எரிந்தவரைத் தெரிவுசெய்தார்களாம், காசோடு ஓடமாட்டார் என்று. (எங்கள் பழைய மாணவர் சங்க நிர்வாகசபை கோபிக்கக்கூடாது.)

ஊர் மாறும்வரை காத்திருக்க முடியாதவர்களுக்கும் வழி உண்டு. 18 வயதில் வாகனத் தீயில் முகம் எரிந்த ஜேம்ஸ் பார்ட்ரிட்ஜ் 1992 இல் தொடங்கிய 'சேஞ்சிங் ஃபேசஸ்' அமைப்பு அதைப் பயிற்சியாகவே சொல்லிக்கொடுத்தது. ஒருவர் உற்றுப் பார்க்கும்போது தலையைக் குனிந்தால் அவர் பார்வை விலகாது. நிமிர்ந்து, கண்ணைப் பார்த்துத் தலையசைத்தால் பெரும்பாலும் விலகும். கேட்டால் மூன்று துண்டாகப் பதில்: என்ன நடந்தது, இப்போது பிரச்சினை இல்லை, வேறு கதை. "சின்னனில விளக்கு விழுந்தது. இப்ப நோவில்லை. நீங்கள் பள்ளிக்கூடத்தில எந்த இல்லம்?" மூன்றாவது துண்டுதான் முக்கியம், அதை விட்டால் அனுதாபம் தொடங்கிவிடும். முழுக்கதையும் சொன்னாலும் அதே கதிதான். பதில் வாயில் வர, வீட்டில் உரக்கச் சொல்லிப் பழகவேண்டும்.

பலர் கவனிக்காத ஒன்று: தழும்பு இறுகிய கன்னத்தில் சிரிப்புத் தெரியாது, முறைப்பதுபோல் இருக்கும். குரலிலும் கையிலும் சிரிப்பைக் காட்டவேண்டும். கதைப்பவர்களும் இதை அறிந்திருந்தால் "ஆள் கர்வம்" என்று ஒதுங்கமாட்டார்கள்.

தழும்பை மறைக்கும் பூச்சுக் களிம்பு நிறத்தைத்தான் மறைக்கும், மேடுபள்ளத்தை அல்ல. எங்கள் தோலுக்கு ஒரே நிறம் அரிதாகவே பொருந்தும். இரண்டைக் கலந்து, பகல் வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். மெல்லிய படையாகப் பூசி, மேலே பவுடர் போட்டு, சில நிமிடம் விட்டு, மிச்சத்தைத் தட்டிவிடவேண்டும். தடிப்பாகப் பூசினால் வெடிக்கும். ஆறாத புண்ணில் கூடவே கூடாது.

இந்த வருட ஒன்றுகூடலுக்கு அந்தக் கடைசி வாங்குக்காரன் வருகிறான். மேசை ஒழுங்கு செய்பவர்கள் தயவுசெய்து சுவரோரம் போடவேண்டாம்.